பிளாஸ்டிக் பிரிக்காத மெத்தை

பாலிக் பூலாவுக்கு நாங்கள் குடிவந்த அன்று
லோரியிலிருந்து முதலில் இறங்கியது மீன்தொட்டி.
அடுத்து கியான் ஹுவாட்டின்
நாற்பத்தொரு ஜோடி செருப்பு.
அப்புறம் இரண்டு கட்டில்.

ஒன்று பெரியது. தேக்கு. எங்களுடையது.
மற்றது ஒற்றை. தள்ளுபடியில் இருநூற்றெட்டு வெள்ளி.
ஊருடையது.

எதிர்வீட்டுப் பாக்கியவதி அக்கா
துணி உலர்த்தும் சாக்கில் எண்ணிக்கொண்டிருந்தார்.
ஒரே சட்டையை மூன்று தடவை உதறினார்.
"தம்பி, பசியாறியாச்சா?
அவரு உங்களுக்கு என்ன வேணும்?"
பசியாறியாச்சு அக்கா என்று
முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொன்னேன்.

பொழுது சாய்வதற்குள்
இருவருக்கும் ஒரே வங்கியில் வேலை.
மறுநாள், காளான் பண்ணை வைக்க வந்த பங்காளிகள்.
வெள்ளிக்கிழமை, பாக் மான் கடையில்,
நான் மனைவியைப் பறிகொடுத்தவன்,
அவன் அவளுடைய வளர்ப்பு அண்ணன்.
கேட்டுக்கொண்டே நாசி லெமாக் சாப்பிட்டோம்.
இல்லாத அவளுக்காக
எனக்கு இரண்டாவது முட்டை இலவசம்.

ஒற்றைக் கட்டில்
பின்னறையில் தன் கடமையைச் செய்தது.
அதன்மேல் இஸ்திரி போடாத துணி,
ஓடாத காற்றாடி,
ஒருநாள் யார் வீட்டுக் கோழியோ.
ஆள் வந்தால் அந்தக் கதவை அகலத் திறந்து வைப்போம்.
"இது சிவநேசன் அறை" என்பான் கியான் ஹுவாட்,
அரும்பொருளகக் காவலாளியின் குரலில்.

இரண்டாம் வருடம்
சுங்கை பட்டாணியிலிருந்து அக்காவின் தம்பி மகன் வந்தான்.
அவர்கள் வீட்டில் இடமில்லை,
ஒரு ராத்திரி உங்க அறையில படுக்கட்டுமே.
படுத்தான்.
மெத்தையின் பிளாஸ்டிக்கைப் பிரிக்கவேண்டும் என்று
அதுநாள்வரை எங்களுக்குத் தோன்றவே இல்லை.
அவன் புரளப் புரள
வீடு முழுக்க முறுக்குத் தின்னும் சத்தம்.
சுவருக்கு இந்தப் பக்கம்
ஒரே போர்வைக்குள் மூச்சடக்கிக் கிடந்தோம்.
விடிந்ததும் அவன் கேட்டது ஒன்றுதான்:
"மாமா, இதுல எப்படித் தூங்குறீங்க?"

ஒரு வாரம் யாரும் எதையும் கேட்கவில்லை.
மீன்காரர்கூட விலையை மட்டும் சொன்னார்.
பரணிலிருந்த பழைய அட்டைப்பெட்டிகளை
இறக்கித் தூசி தட்டினான் கியான் ஹுவாட்.
தேவைப்படலாம் என்றான்.
வேறொன்றும் பேசவில்லை.

ஞாயிறன்று ஆ சூன் தோப்பில் டுரியான்.
எல்லோரும் வட்டமாய்க் குந்தியிருக்க
அக்கா தொண்டையைச் செருமினார்.
"தம்பி, உங்க விஷயம் எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."
பாக் மான் தலையசைத்தார்.
ஆ சூனின் கத்தி பாதிப் பழத்தில் நின்றது.
எனக்கு அட்டைப்பெட்டிகள் ஞாபகம்.

"இவரு டுரியானே தின்னுறதில்ல.
குடுக்குற சுளையெல்லாம் பைக்குள்ள போட்டு
மறைச்சு எடுத்துட்டுப் போயி
நாய்க்குப் போடுறாரு.
நாய் எப்படி ஊதிக் கெடக்கு பாருங்க."

"பினாங்கில் பிறந்தவனா?"
நெஞ்சைப் பிடித்துக்கொண்டார் ஆ சூன்.
"என் ஆங் ஹேயையா நாய்க்கு?"

கியான் ஹுவாட் எழுந்தான். காது சிவந்திருந்தது.
சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்றான்.
மாறப் பார்த்தேன், முடியவில்லை.
அம்மா அழுதாள்.
ஒரு சாமியாடி மந்திரித்த தண்ணீர்கூடக் குடித்தாயிற்று.

மரத்திலிருந்து ஒரு பழம் விழுந்தது.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பொறப்பே அப்படின்னா என்ன பண்றது"
என்றார் அக்கா.
"அவருக்கு ரம்புத்தான் குடுங்க."

மறுநாள் காலை வாசலில் நின்றார்.
அந்த ஒத்தக் கட்டில் சும்மாதானே கெடக்கு,
எண்பது வெள்ளி தர்றேன்.
நூற்றிருபது என்றான் கியான் ஹுவாட்,
பிளாஸ்டிக்கூட பிரிக்காதது.
எண்பத்தைந்து.
பேரம் இன்னும் முடியவில்லை.
மத்தியானங்களில் ஆ சூனின் நாய் வந்து
அதில் படுத்துக்கொள்கிறது,
மொருமொருவென்று.